பேராசிரியர் சமரநாயக்கவும் நமது கணினிக் கல்வியும்

பெரியார் ஒருவர் மறைந்ததும் அவருக்குத் 'தந்தை' என்றொரு பட்டத்தைச் சூட்டிவிட்டு, அவர் செய்த வேலையை ஆராயாது விடுவது நம்மவர் வழக்கம். இலக்கிய உலகில் நாம் பார்த்துச் சலித்த இவ்வழக்கம் விஞ்ஞானத்தையும் விட்டுவைக்கவில்லை. இலங்கைத் தகவல் தொழினுட்பத்தின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க (1939–2007) பற்றி நாம் படித்தவற்றுட் பல, அவர் வகித்த பதவிகளின் பட்டியலாகவே முடிகின்றன. பதவிகளைக் கடந்து அம்மனிதர் சாதித்தது யாது, சாதிக்காது விட்டது யாது என்று நோக்குவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

அவர் பள்ளிப் பருவத்தை அடைந்த காலம், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலம். ஆனந்தாக் கல்லூரியிற் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்று, 1966இல் லண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டத்தோடு அங்கேயே தங்கிவிடாது கொழும்புக்குத் திரும்பி, நாற்பது ஆண்டுகளுக்கு மேற் பல்கலைக்கழகப் பணியில் இருந்தார். 1987இல் கணினித் தொழினுட்ப நிறுவனத்தை உருவாக்கினார். அதுவும் கணினி விஞ்ஞானத் துறையும் இணைந்து 2002இற் கணினிக் கல்லூரி ஆயின. 2007 ஜூனில் ஸ்டொக்ஹோமிற் காலமானபோது அரசின் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையத்தின் தலைவராக இருந்தார். இவ்வளவும் எவரும் அறிந்தவையே.

நமது கருத்தில் அவரது பெருஞ் சாதனை வேறொன்று. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டமே அது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வாசலில் திருப்பி அனுப்பப்படுவோரே நம் நாட்டில் மிகப் பெரும்பான்மையினர் என்பதை ஆசிரியர்களாகிய நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. அவ்விளைஞர்களை நோக்கி, "பாடவிதானம் இதோ, எங்கேனும் படித்து வாருங்கள், பரீட்சையை நாம் நடத்துகிறோம்" என்று பல்கலைக்கழகம் கூறியது சிறிய காரியமன்று. புறக்கோட்டைக் கடையிற் கணக்கெழுதும் இளைஞனும் இரவிற் படித்துப் பட்டதாரி ஆகலாம் என்ற நிலை பிறந்தது.

ஆயின் வாசலைத் திறந்த கை, வழிச்செலவைக் கொடுக்கவில்லை. போதிக்கும் பொறுப்பின் பெரும்பகுதி தனியார் வகுப்புகளிடம் சென்றது. அரசு செலவிடாத பணத்தைப் பெற்றோர் செலவிட்டனர். இதற்குத் தனியொருவரைக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. உயர்கல்விக்குப் போதிய நிதி ஒதுக்காத ஆட்சிகளின் பகைப்புலத்தில் ஒரு பேராசிரியர் கண்டுபிடித்த வழி அது.

மொழிப் பிரச்சினை இதனினும் கடினமானது. கொட்டாஞ்சேனையில் எம்மிடம் படித்த ஒரு மாணவன், துறைமுகத் தொழிலாளியின் மகன், உயர்தரத்திற் கணினிப் பாடத்தைத் தமிழிலேயே கற்றுச் சிறப்பாகச் சித்தியெய்தினான். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்ததும் வினாத்தாள் ஆங்கிலத்தில் வந்தது. விடையைத் தமிழிற் படிப்படியாகச் சொல்லத் தெரிந்த அவனுக்கு வினா விளங்கவில்லை. ஆங்கிலம் வீட்டுமொழியாக உள்ள மத்தியதர வர்க்கத்துப் பிள்ளைக்கு இத்தடை கண்ணுக்கே தெரியாது.

எழுத்துருவின் வரலாற்றிலும் இத்தாமதத்தைக் காணலாம். கணினியிற் சிங்கள எழுத்துகளுக்கான இலங்கை நியமம் 1996இல் வெளிவந்தது. தமிழுக்கான நியமமோ 2008இல், பேராசிரியர் மறைந்த மறு ஆண்டில். இதைக் கொண்டு உடனே இனப் பாகுபாடு என்று முடிவுகட்டுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உலகப் பொதுக் குறியீடாகிய யூனிக்கோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. சிங்களம் 1999 வரை காத்திருந்தது. சிங்களத்துக்காக இந்நாட்டார் உழைக்காவிடின் வேறெவரும் உழைத்திரார். தமிழுக்கு இந்தியாவின் முயற்சி துணை நின்றது. எனினும் இங்குள்ள தமிழர் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகைக்குத் தமிழ்நாடு நியமம் வகுத்துத் தருமா? 1987 முதல் அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி. அதன் பின்னர் இருபது ஆண்டுகள் கடந்தமைக்குச் சமாதானம் கூற முடியாது.

அவ்விருபது ஆண்டுகளில் தமிழ் படித்த நாம் என்ன செய்தோம்? 'கணினி' சரியா, 'கணனி' சரியா என்று கருத்தரங்குகளில் வாதிட்டோம். உயர்தரத் தமிழிலிருந்து பட்டப்படிப்பின் ஆங்கிலத்துக்கு மாணவனை அழைத்துச் செல்லும் ஒரு சிறு நூலைத்தானும் நம்மிற் பலர் எழுத முன்வரவில்லை. அப்பொறுப்பைச் சமரநாயக்கவின் தலையிற் சுமத்துவது அபத்தம்.

அம்மாணவன் மூன்றாம் முறை பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறான். மாலை வேளைகளில் அவனும், கணித ஆசிரியர் ஒருவரும், கணிதம் அறியாத நாமும் அமர்ந்து, பழைய வினாக்களை ஒரு கொப்பியில் இரு மொழியிலும் எழுதி வருகிறோம். சென்ற வாரம் இருபத்தேழாம் வினாவுக்கு வந்தோம்.