கேட்டால்தான் காட்டும்: காட்டுயிர்ப் பாதுகாப்பில் தேடல் விளம்பரம்

"முதுமலை", "புலிகள் எண்ணிக்கை", "யானை வழித்தடம்" என்று யாராவது கூகுளில் தட்டும் நொடியில் தங்கள் பெயர் மேலே தெரிய வேண்டும் என்பதற்காகக் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகள் இப்போது ஆளும் நேரமும் செலவிடுகின்றன. சுற்றுச்சூழல் செய்தித் தளங்களிலும் இதே கதைதான். கட்டுரையைப் பதிவேற்றும் முன் மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்துத் தலைப்பை மாற்றுகிறார்கள். சோப்பும் காப்பீடும் விற்பதற்காக வளர்ந்த ஒரு தொழில்நுட்பம் காட்டுக்கு உதவுமா என்று கேட்டால், உதவும் என்றே சொல்வேன். ஆனால் பெரும்பாலோர் அதை வைத்திருக்கும் இடத்தில் அதன் உதவி குறைவு. வைக்க மறந்த இடத்தில்தான் அதிகம்.

ஏலக்கடையின் விதிகள்

சுவரொட்டி தெருவில் போகும் எல்லோர் கண்ணிலும் படும். தேடல் விளம்பரம் கேட்டவர் கண்ணில் மட்டுமே படும். ஒவ்வொரு தேடலுக்கும் பின்னால் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் ஒன்று நடந்து முடிகிறது. அந்தச் சொல்லுக்கு யார் எவ்வளவு தரத் தயார், யாருடைய விளம்பரம் தேடியவருக்குப் பொருத்தமானது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து வரிசை முடிவாகிறது. கிளிக் செய்தால்தான் காசு. விளம்பரத்துக்குப் பணம் தராமல், பக்கத்தின் தரத்தையும் சொற்களையும் சீர்செய்து மேலே வருவது எஸ்.இ.ஓ. என்ற இன்னொரு வழி.

தொண்டு நிறுவனங்கள் இந்த ஏலத்தில் பங்கேற்கக் கூகுள் 2003 முதல் நல்கை தருகிறது. தகுதிபெறும் அமைப்புக்கு மாதம் 10,000 டாலர் வரை, அதாவது எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல் மதிப்புள்ள தேடல் விளம்பரம் இலவசம். ரொக்கமாக ஒரு பைசா வராது. விளம்பர இடமாக மட்டுமே வரும். கணக்காளருக்குச் சம்பளம் போடவே திணறும் சிறு அமைப்புக்கு இது பெரிய தொகை. தங்கள் ஊரைத் தாண்டி யாரும் அறியாத ஓர் அமைப்பு, அதே அக்கறையுள்ள ஒருவரை எந்த ஊரிலிருந்தும் கண்டுபிடிக்க இது வழி செய்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

பலம்: முடிவெடுக்கும் நொடி

இந்த முறையின் உண்மையான பலம் அது எத்தனை பேரை எட்டுகிறது என்பதில் இல்லை, எப்போது எட்டுகிறது என்பதில் இருக்கிறது. ஒருவர் ஏதோ செய்யப்போகும் தறுவாயில்தான் தேடுகிறார். பாறு கழுகுகளை எடுத்துக்கொள்வோம். வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததற்குக் காரணம், மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி. அந்த மருந்து ஏறிய மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடைசெய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் தடைக்குள் வந்தன. மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது.

இந்தக் கதையில் பாறுகளின் உயிரைக் கையில் வைத்திருப்பவர் யார்? கழுகைப் பற்றித் தேடும் பறவை ஆர்வலர் அல்லர். பாறுகள் வாழும் மாயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ஊர்களில் "மாட்டுக்குக் காய்ச்சல் என்ன மருந்து" என்று இரவில் கைப்பேசியில் தேடும் மாட்டுக்காரர். அந்தத் தேடலுக்கு எதிரே, எந்த மருந்தைக் கேட்டு வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும், பக்கத்துக் கால்நடை மருந்தகம் எது என்று நல்ல தமிழில் ஒரு விளம்பரம் நின்றால் அது ஓர் உயிரைக் காக்கக்கூடும். அதில் கழுகின் படம்கூட வேண்டியதில்லை.

பாம்பும் அப்படித்தான். 2020-இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என மதிப்பிட்டது. "பாம்பு கடித்தால் என்ன செய்வது" என்று பதற்றத்தோடு தேடுபவருக்குக் கட்டுப்போடாதே, கீறாதே, 108-ஐ அழை என்ற பதில் முதலில் வந்தால் மனித உயிர் பிழைக்கும். "வீட்டுக்குள் பாம்பு" என்று தேடுபவருக்குத் தீயணைப்பு நிலையத்தின் எண் கிடைத்தால் கம்பை எடுக்கும் கை தாழும். சாரையோ நல்லதோ, அந்தப் பாம்பும் பிழைக்கும்.

வாங்கப்போகும் கையைத் தடுக்க வேண்டிய இடங்களும், தடுக்க முயன்ற முன்னுதாரணங்களும் உண்டு. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், அதிர்ஷ்டம் தரும் அபூர்வ வேர் என்று சொல்லி இணையத்தில் விற்கப்பட்டது உண்மையில் உடும்பின் காய்ந்த ஆணுறுப்பு என்பது 2017-இல் அம்பலமானது. உடும்பு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். பூஜைப் பொருள் என்று நம்பி அதைத் தேடியவர்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் குற்றம் செய்கிறோம் என்பதே தெரியாது. அதே ஆண்டு டிசம்பரில் இன்ஸ்டாகிராம், காட்டு விலங்குகளோடு செல்ஃபி எடுப்பது தொடர்பான குறிச்சொற்களைத் தேடுவோர் முன் ஓர் எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கியது. 2018-இல் கூகுள் உள்ளிட்ட 21 தொழில்நுட்ப நிறுவனங்கள், உலக இயற்கை நிதியம், டிராஃபிக், ஐஃபா ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து இணையவழிக் காட்டுயிர்க் கடத்தலுக்கு எதிராகக் கூட்டணி அமைத்தன.

இதற்கு முந்தைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் சுற்றுச்சூழல் புலனாய்வு முகமை என்ற அமைப்பு, கூகுளின் ஜப்பானிய விற்பனைப் பக்கத்தில் தந்தப் பொருள்களுக்குச் சுமார் 10,000 விளம்பரங்கள் இருப்பதை வெளிக்கொணர்ந்தது. கூகுளின் விதியே அவற்றைத் தடைசெய்திருந்தது. ஆகவே எச்சரிக்கைப் பலகையும் கள்ளச்சரக்கும் ஒரே கடையில்தான் தொங்கின. சொல்லைத் தடுத்தால் விற்பவர் சொல்லை மாற்றிக்கொள்வார். தந்தத்துக்குச் சீன வணிகர்கள் 'வெள்ளைப் பிளாஸ்டிக்' என்று பெயர் சூட்டியது அப்படித்தான். தடுப்பு பலன் தரும். ஆனால் ஓய்வில்லாமல் கவனித்துக்கொண்டே இருப்பவருக்கு மட்டுமே தரும்.

குறை: காசு பேசும் வரிசை

கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்வது பலம் என்றால், அந்தப் பதிலை யார் சொல்வது என்பதை ஏலம் முடிவு செய்வது முதல் குறை. 2022 ஜனவரியில் கார்டியன் நாளிதழ், இன்ஃப்ளுயன்ஸ்மேப் அமைப்போடு சேர்ந்து 78 காலநிலைத் தேடுசொற்களை ஆராய்ந்தது. கூகுளில் அவற்றுக்கு வந்த விளம்பரங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் தொழிலில் பெருமளவு ஆதாயம் உள்ள நிறுவனங்கள் கொடுத்தவை. காலநிலை மாற்றத்தை மறுக்கும் உள்ளடக்கத்துக்கு விளம்பர வருவாய் இல்லை என்று கூகுள் 2021 அக்டோபரில் அறிவித்திருந்தது. மறுப்பைத் தடுத்தாயிற்று, மழுப்பலுக்குத் தடை இல்லை. "நாங்களும் பசுமைக்கு மாறுகிறோம்" என்று எண்ணெய் நிறுவனம் சொல்வது பொய்ச்செய்தி ஆகாதே.

நம் பக்கத்தில் முதுமலையைப் பார்ப்போம். 2023 மார்ச்சில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் வென்றதும் தெப்பக்காடு யானைகள் முகாம் ஊரறிந்த இடமானது. அதே ஆண்டு "மசினகுடி வழி ஊட்டிக்கு" என்ற மலையாள வரி சமூக ஊடகங்களில் பரவி, அந்தச் சாலையைத் தேடிக் கூட்டம் வந்தது. மசினகுடி அமைந்துள்ள சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தைக் குறித்த 2010-ஆம் ஆண்டு அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதி செய்தது. வழக்கின் மையத்தில் இருந்தவை தங்கும் விடுதிகள். ஆனால் "மசினகுடி" என்று தேடுபவர் மனத்தில் இருப்பது வார விடுமுறை, வழக்கு இல்லை. விடுதிக்கு அந்த ஒரு கிளிக் ஒரு முன்பதிவு. எனவே தாராளமாக ஏலம் கேட்கும். பாதுகாப்பு அமைப்பின் நல்கை விளம்பரமோ, விதிப்படியே, காசு கொடுத்த விளம்பரங்களுக்குக் கீழேதான் வரும். நீலகிரிக்கு வண்டிகளின் வரத்தை ஓரளவு முறைப்படுத்த முயன்றது விழிப்புணர்வு விளம்பரம் அன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ்.

இரண்டாவது குறை நல்கையின் விதியிலேயே இருக்கிறது. 2018 முதல், காட்டப்படும் விளம்பரங்களில் மாதம் குறைந்தது 5 விழுக்காடாவது கிளிக் ஆக வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் கணக்கு முடக்கப்படலாம். வீண் விளம்பரங்களைத் தடுக்க வந்த விதி, நியாயமானதுதான். ஆனால் இதைச் சமாளிக்க எளிய வழி, யாரும் கிளிக் செய்யாத சொற்களைத் தூக்கிவிடுவது. புலி நிற்கும், யானை நிற்கும். பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டருக்கு அறிவிக்கப்பட்ட கடற்பசு காப்பகமும், அதே ஆண்டு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்காக அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயமும் பட்டியலிலிருந்து நழுவும். பெயரே தெரியாத தவளையையும் மீனையும் யார் தேடப்போகிறார்கள்? ஏற்கெனவே புகழ்பெற்றதற்கே மேலும் வெளிச்சம் போடும் முறை இது.

செய்தி தேடலைப் பின்தொடரலாமா?

சுற்றுச்சூழல் செய்திக்கு இந்தக் குறை இன்னும் கடுமையானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நாடே அந்தப் பெயரைத் தேடியது. எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படங்கள் வந்தன. அதே கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் படிந்துவந்ததைத் தேட அப்படி ஒரு நாள் வாய்க்கவே இல்லை. தேடல் அளவைப் பார்த்துச் செய்தியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் விபத்தை எழுதுவார், வழக்கமாகிப்போன அழிவை விட்டுவிடுவார். சூழல் சீர்கேட்டில் பெரும்பகுதி வழக்கமாகிப்போன அழிவுதான்.

மாறாக, செய்தியே தேடலை உண்டாக்கும் என்பதற்கு 2015 ஜூலை சாட்சி. ஜிம்பாப்வேயில் வேட்டையாடப்பட்ட சிசில் என்ற சிங்கத்துக்காக அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஜிம்மி கிம்மல் குரல் தழுதழுக்க வேண்டுகோள் விடுத்தார். அந்தச் சிங்கத்தை ஆய்வு செய்துவந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை குவிந்தது. எந்தத் தேடுசொல் ஏலமும் இதைச் செய்திருக்காது. தேடலும் கிளிக்கும் அதன் விளைவாக வந்தவை.

விளம்பர வருவாயை நம்பிச் சூழல் செய்தியை நடத்த முடியுமா என்பதற்கு மோங்காபே ஒரு பாடம். ரெட் பட்லர் 1999-இல் தனி ஆளாகத் தொடங்கிய அந்தத் தளம் முதல் பத்தாண்டுகள் விளம்பரத்தில்தான் ஓடியது. விளம்பரம் ஓர் எழுத்தாளரைக் காப்பாற்றியது. நிருபர்கள் நிறைந்த செய்தியறையைக் கட்ட அது போதவில்லை. 2012-இல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறி, நல்கைகளும் நன்கொடைகளும் வந்த பிறகே பல மொழிகளிலும், 2018 முதல் இந்தியாவுக்கான தனித் தளமாகவும் அது விரிந்தது. கூகுள் இப்போது தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டுகிறது. இந்தியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து. கிளிக்கே தேவையில்லை என்றால், கிளிக்கை நம்பிய செய்தித் தளம் எதை வைத்துப் பிழைக்கும்?

பெர்லினில் 2009-இல் கிறிஸ்டியன் க்ரோல் தொடங்கிய இகோசியா தேடுபொறி தேடல் விளம்பரப் பணத்தை நேரே மரமாக்குகிறது. விளம்பர இலாபத்தில் 20 கோடி மரங்களுக்கு மேல் நட உதவியதாக அது கணக்குக் காட்டுகிறது. நிறுவனத்தை யாரும் விற்க முடியாதபடி 2018-இல் உரிமை அமைப்பையே மாற்றிக்கொண்டது. நேர்மையான முயற்சி. ஆனாலும் தேடினால் மட்டும் காசு வராது. விளம்பரத்தைத் தொட வேண்டும். விமானச் சீட்டும் புதுக் கைப்பேசியும் விற்கும் விளம்பரங்களில் விழும் கிளிக்கும் அந்த மரங்களுக்கு நீர் ஊற்றுகிறது.

எண்ணிக்கையின் மயக்கம்

தேடல் எண்களை மக்கள் அக்கறையின் அளவுகோலாகக் கொள்வதும் ஆபத்து. 2013-இல் மெக்கலம், பரி என்ற இருவர் கூகுள் தேடல் போக்கை வைத்து, சுற்றுச்சூழல் மீதான ஆர்வம் குறைகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு ஃபிசெடோலா மறுத்தார். கூகுள் தருவது மொத்தத் தேடலில் ஒரு சொல்லின் பங்கு. திரைப்படத்தையும் கிரிக்கெட்டையும் தேடும் கூட்டம் பெருகினால், காட்டைத் தேடுவோர் எண்ணிக்கை கூடியிருந்தாலும் பங்கு குறைந்தே தெரியும். அறிவியல் இதழிலேயே இந்த வழுக்கல் என்றால், மாத இறுதியில் நன்கொடையாளருக்குக் கிளிக் வரைபடம் அனுப்பும் அமைப்பின் நிலையைச் சொல்ல வேண்டாம். கிளிக் கூடியதால் எந்தப் பாறும் கூடு கட்டியதாகச் செய்தி இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒருவர் வாங்கும், மருந்து கொடுக்கும், அடிக்கும், பயணம் போகும் முடிவை எடுக்கிற நொடியில் தேடல் விளம்பரத்துக்கு இணையான கருவி இல்லை. அங்கே அதைத் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும், மக்கள் பேசும் சொற்களில், தாராளமாகப் பயன்படுத்தலாம். அமைப்புகள் விலங்குகளின் பெயர்ப்பட்டியலை ஒதுக்கிவைத்து, விலங்குகளைப் பாதிக்கும் மனிதக் கேள்விகளின் பட்டியலைத் தயாரிக்கட்டும். வெற்றியைக் கிளிக்கால் அளக்காமல், மருந்துக்கடையில் எந்தக் குப்பி விற்றது, தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை அழைப்பு வந்தது என்று அளக்கட்டும். தெரியாத உயிரைத் தெரியவைப்பதும், யாரும் கேட்காத சீர்கேட்டைக் கேட்கவைப்பதும் வேறு வேலை. அது நிருபருடையது, ஆசிரியருடையது, களப்பணியாளருடையது. அதற்கான பணத்தையும் ஆளையும் தேடுசொல் ஏலத்துக்குத் திருப்பிவிடும் அமைப்பு, ஏற்கெனவே கேட்பவர்களிடமே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கும்.