வால்வெள்ளியும் ஒரு தொப்பியும்

றொபட் நொக்ஸ் எழுதி 1681இல் இலண்டனில் வெளியான இலங்கை பற்றிய நூலைச் சிங்கள வாசகர்கள் 'எதா ஹெளதிவ' என்ற பெயரில் நன்கு அறிவார்கள். நம்மிடையே அது வரலாற்றுக் கட்டுரைகளுக்கு மேற்கோள் எடுக்கும் நூலாகவே பெரிதும் பயன்படுகிறது. உலக முடிவு பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கைகளின் வரலாற்றில் வைத்து அதனை வாசிக்கும்போது வேறொரு நூல் தென்படுகிறது. அந்த வாசிப்பு நமக்கும் தேவைப்படுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

1664 டிசெம்பர் 21ஆந் திகதி இரவு, கண்டிக்குத் தெற்கே நில்லம்பையில் தங்கியிருந்த இரண்டாம் இராஜசிங்கனுக்கு எதிராகக் கலகம் மூண்டது. அந்நாட்களில் அச்சமூட்டும் வால்வெள்ளியொன்று வானில் தோன்றியதென்றும், கலகம் வெடித்த வேளை அது தங்கள் தலைக்கு நேர்மேலே நின்றதென்றும் நொக்ஸ் எழுதுகிறார். அரசன் அங்குராங்கெத்தைக்குத் தப்பினான். கலகக்காரர்கள் அரியணையில் அமர்த்த எண்ணிய இளவரசனை அவனுடைய அத்தை தகப்பனிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட, சில நாட்களில் எல்லாம் கலைந்துபோயிற்று.

அதே வால்வெள்ளியை அதே மாதத்தில் இலண்டன் மக்களும் கண்டார்கள். அடுத்த வருடம் அங்கே கொள்ளைநோய் வந்தது. 1666இல் பெருந்தீ நகரைத் தின்றது. வால்வெள்ளியையும் நோயையும் தீயையும் ஒரே கயிற்றில் முடிவது அதன்பிறகு எளிதாயிற்று. அந்த நாட்டில் அதற்கான மனநிலை முன்பே தயாராக இருந்தது. தானியேல் ஆகமத்தில் வரும் நான்கு சாம்ராச்சியங்களும் முடிந்து ஐந்தாவதான கிறிஸ்துவின் ஆட்சி வந்துவிட்டதென நம்பிய ஒரு கூட்டத்தார் 1661 ஜனவரியில் இலண்டன் தெருக்களில் ஆயுதமேந்தினார்கள். 'வெளிப்படுத்தின விசேஷம்' பதின்மூன்றாம் அதிகாரம் மிருகத்தின் எண் 666 என்கிறது. ஆகவே 1666 பலரைக் கலங்க வைத்தது. யூதர்களிடையேயும் அந்த வருடம் எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது. மஸீஹ் எனக் கொண்டாடப்பட்ட ஸப்பத்தாய் ஸெவி, அவ்வருடம் செப்டெம்பரில் உஸ்மானிய சுல்தான் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவியது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

நொக்ஸ் இவை எதையும் காணவில்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவர் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதி.

'வெளிப்படுத்தின விசேஷம்' உரோமப் பேரரசின் கீழ் நசுங்கிய ஒரு சிறுபான்மையின் நூல் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கொடுங்கோலனைப் பெயர் சொல்லி ஏச முடியாதவர்கள் மிருகமென்றும் கொம்பென்றும் வலுசர்ப்பமென்றும் சொன்னார்கள். அந்த உருவகங்களின் வேகம் அங்கிருந்து வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனார், ஆயிரம் ஆண்டு ஆட்சி என்பது நாட்காட்டிக் கணக்கல்ல, திருச்சபையின் காலமே என்று விளக்கி ஓரளவு அமைதிப்படுத்தினார். ஆனால் அதிகாரம் கைக்கு வந்த பின்பு அதே உருவகங்கள் எதிரியின் முகவரியாக மாறுவதை அவரால் தடுக்க முடியவில்லை.

அந்த முகவரிகளில் நாமும் இருக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியத் துறவி ஜோவாகிம், வலுசர்ப்பத்தின் ஏழு தலைகளுக்கும் வரலாற்றில் ஆள் தேடினார். ஆறாவது தலை ஸலாஹுத்தீன் அய்யூபி! நம் பிள்ளைகளுக்கு வீரத்துக்கும் பெருந்தன்மைக்கும் உதாரணமாக நாம் சொல்லும் அதே மனிதர். 1529இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்ட காலத்தில், தானியேல் கண்ட சின்னக் கொம்பு துருக்கியரே என்று மார்ட்டின் லூதர் எழுதினார். 'வெளிப்படுத்தின விசேஷம்' ஒன்பதாம் அதிகாரத்து வெட்டுக்கிளிகள் அரபிகள் என்பது புரட்டஸ்தாந்து விளக்கங்களில் நெடுங்காலம் ஊறிப்போன கருத்து. அந்த அதிகாரத்தைக் கணக்கிட்டே, உஸ்மானிய அதிகாரம் 1840 ஓகஸ்ட் 11இல் வீழும் என்று அமெரிக்காவில் ஜொசையா லிட்ச் நாள் குறித்தார். அவர் வில்லியம் மில்லரின் சகா. மில்லரின் இயக்கம் 1844 ஒக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தது. பயிரை அறுக்காமல் வயலில் விட்டவர்களும் உண்டு. விடிந்தது; ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஏமாற்றத்திலிருந்து எழுந்தவர்களில் ஒரு சாரார் 1863இல் அமைத்ததே ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. கண்டிக்கு அண்மையில் மயிலப்பிட்டியில் அவர்களுடைய இறையியற் கல்லூரி இருக்கிறது. இப்போது அவர்கள் நாள் குறிப்பதில்லை.

நம் பக்கத்து நிகழ்ச்சியொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், திருவிதாங்கூரில் 1875இல் எழுந்த சமய எழுச்சியின்போது கிறிஸ்து 1881இல் வருவார் என்றார். வராதபோது தம் கூட்டத்தாரோடு தனிச்சபை கண்டார். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனங்கள் மட்டும் அவரை மறுத்த சபைகளிலும் பாடப்பட்டு வந்தன. கணக்கு பொய்த்தது, பாட்டு நின்றது.

மீண்டும் நொக்ஸிடம் வருவோம். கண்டி இராச்சியத்தில் ஒரு முதியவர் ஆங்கிலப் பைபிள் ஒன்றை வைத்திருந்தார். கொழும்பில் கண்டெடுத்தது. நொக்ஸ் அதற்குக் கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுக்கத் தயார். ஆனால் விலை ஒரு பின்னல் தொப்பியோடு முடிந்தது. அவர் அதைத் திறந்தபோது கண்ணிற்பட்டது 'அப்போஸ்தலர் நடபடிகள்' பதினாறாம் அதிகாரம், சிறைச்சாலைக்காரன் தான் மீள வழி என்ன என்று பவுலிடம் கேட்கும் இடம். தலைக்கு மேலே வால்வெள்ளி நின்றதைப் பார்த்தவர் மிருகத்தின் எண்ணைத் தேடிப் போகவில்லை. கைதி, சிறைக்கதையை வாசித்தார். வேதம் ஒன்றை ஒரு மனிதன் தன் நிலையிலிருந்து எப்படி வாசிக்கிறான் என்பதற்கு இந்தப் பக்கத்தைப்போல நேர்மையான சாட்சியம் அரிது.

நொக்ஸைப் பெரிய மகானாக்க நான் வரவில்லை. பௌத்தர்களின் வழிபாட்டை அவர் இழிவாகவே பேசுகிறார். பத்தொன்பது வருடம் கைதியாக வாழ்ந்தவர், ஊர் திரும்பிய பின் அடிமைகளை வாங்க மடகாஸ்கருக்குக் கப்பல் ஓட்டினார். இந்த முரண்பாட்டை அவருடைய இரசிகர்கள் மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

இனி நம் வீட்டைப் பார்க்க வேண்டும். மறுமைநாள் நம் இலக்கியத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'வில் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர் கேட்கிறார், நபிகளார் (ஸல்) விடை சொல்கிறார்கள். படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை எல்லாம் உரையாடலாக வருகிறது. கேட்பவர் வேற்று மதத்தவர்; அவருடைய கேள்விக்கு மரியாதை இருக்கிறது. இதற்கு எதிர்ப்புறத்தில், கியாமத்தின் அடையாளங்கள் என்ற பெயரில் நம்மிடையே மலிந்துவிட்ட சிறுநூல்களை வைத்துப் பாருங்கள். யஃஜூஜ் மஃஜூஜ் இன்ன நாடு, தஜ்ஜாலின் படை இன்ன இனம் என்று பட்டியல் போடுகிறார்கள். ஜோவாகிமும் லிட்சும் செய்த வேலையை மறுபக்கத்தில் நின்று செய்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நேரம் பற்றிய அறிவு இறைவனிடமே உள்ளது என்று குர்ஆன் ஏழாம் அத்தியாயத்தில் சொல்கிறது. அந்நாளை வேறு எவரும் அறியார் என்று மத்தேயு சுவிசேஷமும் சொல்கிறது. இரு தரப்புக் கணக்காளர்களும் தங்கள் தங்கள் வேதத்தைத்தான் முதலில் மீறுகிறார்கள்.

இது வெறும் இலக்கிய விவாதம் என்று ஒதுக்க முடியாத காலத்தில் இருக்கிறோம். இறுதிப் போர் நடக்குமென ஒரு ஹதீஸ் குறிப்பிடும் சிரிய ஊரின் பெயரையே 'தாபிக்' என்று தன் சஞ்சிகைக்குச் சூட்டியது ஐ.எஸ். இயக்கம். 2016 ஒக்டோபரில் அந்த ஊரை அவர்கள் பெரிய போர் எதுவுமின்றி இழந்தார்கள். சஞ்சிகைக்கு வேறு பெயர் வந்தது. ஆனால் அந்த வரைபடத்தை நம்பி உறுதிமொழி எடுத்தவர்கள் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களைத் தாக்கினார்கள். அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலுமாக 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் நம் மேடைகளில் கண்டனங்கள் ஏராளம். அந்த வரைபடத்தை வளர்த்த எழுத்து பற்றிய விமர்சனம் அந்த அளவுக்கு வரவில்லை. கையில் கன்று இருக்கும்போது கியாமத் வந்தால் முடிந்தவரை அதை நட்டுவிடச் சொன்ன நபிமொழியை நம் பயான்களில் மரநடுகைத் தினத்துக்கென்று ஒதுக்கிவிட்டோம். அது கியாமத் பற்றிய நபிமொழி.

முடிவு பற்றிய பீதி மதநூல்களுக்கு மட்டும் உரியதுமல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துரொட்டியில் மலட்டு மருந்து கலந்ததாகக் கிளம்பிய கதை, ஓர் இனத்தின் முடிவு பற்றிய கதைதான். அடுத்த மாதம் திகனையும் தெல்தெனியாவும் எரிந்தபோது அந்தப் பீதியும் கூடவே நடந்து வந்தது.

நொக்ஸின் நூலில் நம்மவரைப் பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. கண்டியில் முஸ்லிம்களின் பள்ளியொன்று இருந்ததாகவும், காணியுடைய ஒவ்வொரு குடிமகனும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்ற உரிமை அதற்கு இருந்ததாகவும் எழுதுகிறார். அதை வாங்க வருபவர்கள், வீடு பூட்டியிருந்தால் கதவை உடைத்து அந்தப் பெறுமதிக்குப் பொருள் எடுக்கவும் அதிகாரம் உடையவர்களாம். மக்கள் மனமுவந்தே கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார். துருக்கியரைக் கொம்பென்றும் அரபிகளை வெட்டுக்கிளியென்றும் படித்த தேசத்தின் மகன், நேரில் கண்ட சோனகரை எழுதும்போது அந்தப் பழைய பெயர்கள் எதுவும் அவருடைய பேனாவில் வரவில்லை. வீடு வீடாக வரும் மனிதர்கள் வருகிறார்கள், ஒரு பணம் வருகிறது, பூட்டிய கதவு வருகிறது. இந்தப் பகுதியையும் பைபிள் கிடைத்த பகுதியையும் நம் எழுத்தாளர் எவரேனும் நல்ல தமிழில் பெயர்த்து, அடிக்குறிப்புகளுடன் இச்சஞ்சிகைக்குத் தந்தால் நன்றாயிருக்கும்.