நீரும் வலுவும்: நாரின் ஆற்றுப் போட்டி பற்றிய ஒரு மறுநோக்கு

வரட்சி அயல்நாடுகளைப் போருக்கு இட்டுச்செல்லும் என்னுங் கருத்துப் பலராலும் எடுத்தாளப்படுகின்றது. மத்திய ஆசியா இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுமுண்டு. மேலாற்று நாடுகளின் பேரணைத் திட்டங்கள் போருக்கும் வழிகோலக்கூடும் என உஸ்பெகிஸ்தான் சனாதிபதி இஸ்லாம் கரிமோவ் 2012இல் எச்சரித்தார். இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை நாரின் ஆற்றை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

போட்டிக்கு மூலம் வரட்சியன்று. கிர்கிஸ்தானின் டொக்டோகுல் நீர்த்தேக்கம் ஏறக்குறைய 1950 கோடி கனமீற்றர் கொள்ளளவுடையது. சோவியத் ஆட்சியில் அதன் நீர் கோடையிலே கீழாற்றுப் பருத்தி வயல்களுக்குத் திறக்கப்பட்டது; கைம்மாறாகக் குளிர்காலத்தில் நிலக்கரியும் வாயுவும் கிர்கிஸ்தானை வந்தடைந்தன. 1991இன் பின்னர் எரிபொருளுக்குச் சந்தை விலை கோரப்பட்டது; நீருக்கோ விலையில்லை. எனவே கிர்கிஸ்தான் குளிர்காலத்திலேயே நீரைத் திறந்து மின் பெறலாயிற்று. 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இம்முரண்பாட்டைத் தீர்த்திலது.

வரட்சி செய்தது வேறு. 2021ஆம் ஆண்டுக் கோடையிற் கீழாற்றுப் பயிர்களும் கால்நடைகளும் வாடின. மேலே நீர்த்தேக்கமுந் தாழ்ந்தது. நீரற்றவன் கையில் மதகு படைக்கலமாகாது. கீழாற்று நாடுகளின் வலிமையுங் குன்றிற்று. வாயுவை ஏற்றுமதி செய்துவந்த உஸ்பெகிஸ்தான் 2023 ஒக்டோபர் முதல் ரஷ்யாவிடமிருந்து அதனைப் பெறலாயிற்று. அதே ஆண்டிற் கிர்கிஸ்தான், 2026 முடிவுவரை நீடிக்கும் வலுத்துறை அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தது. மெலிந்த இருசாராரும் நெருங்கினர். 2021 முதல், நீரைச் சேமிக்கும்பொருட்டுக் கிர்கிஸ்தானுக்கு அயலார் மின் வழங்கிப் பின்னர் மீளப்பெறும் ஏற்பாடு உருவாயிற்று. 1860 மெகாவாற் வலுவுடையதாகத் திட்டமிடப்பட்ட கம்பராத்தா-1 அணை தொடர்பாக, 2023 சனவரியில் மூன்று நாடுகளும் ஒப்பமிட்டன. டொக்டோகுலுக்கு மேலே அமையும் இவ்வணை குளிர்காலத்தில் மின் தந்தால், அவ்வேளை விடப்படும் நீரைக் கீழுள்ள தேக்கம் கோடைக்கெனக் காக்கவியலும்.

ஆயினும், இதனை நல்லிணக்கத்தின் வெற்றியென்பாரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. நாரின் ஆறு தியன் சான் மலையின் உருகுபனியாலும் பனிக்கட்டியாறுகளாலும் ஊட்டப்பெறுவது. அப்பனிக்கட்டியாறுகளோ வெப்பவுயர்வினாற் சுருங்கி வருகின்றன. அணை, நீர் வருங் காலத்தை மாற்றுமேயன்றி அதன் அளவைப் பெருக்காது. எனவே வரண்ட ஆண்டின் குறைபாட்டை எவர், எவ்விகிதத்திற் சுமப்பது என்பதே அடிப்படை வினாவாகும். விவசாயியின் கோடைப் பயிரும் மலைநாட்டுக் குடும்பத்தின் குளிர்கால வெப்பமும் இதன் விடையிலேயே தங்கியுள்ளன. போர் வருமென்பாரும் நட்பு மலர்ந்ததென்பாரும் ஒருங்கே விட்டுச்செல்லும் வினா இதுவேயாம்.