ஒத்தடமும் யந்திரமும்

வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து, அதன் சூட்டை முதலில் தம் புறங்கையில் ஒற்றிப் பார்த்து, பொறுக்கும் பதம் வந்த பிறகே வீங்கிய முழங்காலில் வைக்கும் பாட்டிமார்கள் நம் வீடுகளிலிருந்து இன்னும் மறைந்துவிடவில்லை. இயன்முறை சிகிச்சை நிலையங்களில் மெழுகுத் தொட்டியாகவும், அல்ட்ராசவுண்ட் கருவியாகவும், ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் மின்சிகிச்சையாகவும் நாம் காண்பவை யாவும் அந்த ஒத்தடத்தின் வம்சத்தைச் சேர்ந்தவையே. உஷ்ணம், சீதளம், ஒலி, ஒளி, மின்சாரம் ஆகிய பௌதிக சக்திகளைச் சரீரத்தின்மீது பிரயோகித்து, வலியைத் தணிக்கவும் சிதைந்த திசுவை ஆற்றவும் முயலும் இம்முறையின் மெய்யான பயன் யாது, அதன் எல்லை எது என்பதை விருப்பு வெறுப்பின்றி ஆராய்வது, வலியோடு வாழ்கிறவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையாகும்.

இதன் பூர்விகம் நெடியது. கிறிஸ்து பிறந்தபின் முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி வைத்தியரான ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கும் கால் வாதத்துக்கும் உயிருள்ள மின்திருக்கை மீனைச் சிகிச்சையாக விதித்தார். சருமக் காசநோயை ஒளிக்கதிரால் குணப்படுத்திய டென்மார்க் தேசத்து நீல்ஸ் ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே பௌதிக சக்தியால் நோய் தீர்வது வெறும் நம்பிக்கை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

இதன் குணங்களை முதலில் சொல்வதே நியாயம். வெப்பம் ரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது. இறுகிய தசையைத் தளர்த்துகிறது. மூட்டைச் சுற்றியுள்ள நார்த்திசுவை இழுத்தால் நீளும்படி இளக்குகிறது. குளிர்ச்சி நரம்பின் செய்தி வேகத்தைக் குறைத்து வலியை மந்தமாக்குகிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள், தொடுவுணர்ச்சியைச் சுமக்கும் நரம்புகள் தூண்டப்படும்போது முதுகுத் தண்டிலுள்ள ஒரு ‘வாயில்’ வலியின் செய்தியை மேலே செல்லவிடாமல் அடைக்கிறது என்று விளக்கினார்கள். தோலின்மீது ஒட்டவைத்து மின்துடிப்பு பாய்ச்சும் டென்ஸ் கருவிக்குச் சாஸ்திர ஆதாரம் கிடைத்தது அங்கேதான். முழங்காலின் தசைநார் அறுவைக்குப் பிறகு சோர்ந்துபோன தொடைத் தசையை மின்தூண்டலால் எழுப்புவது, பயிற்சியோடு சேரும்போது, நற்பலன் தருவதும் ஆய்வுகளில் தெளிந்த உண்மை.

ஆனால் தோஷங்களையும் அதே நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பற்றி நடந்த 35 பரிசோதனைகளை 2001-இல் ஒருசேர ஆராய்ந்தபோது, முறையாக நடத்தப்பட்டவை என ஏற்கத்தக்கவை பத்தே. அந்தப் பத்திலும் எட்டு, ஒலியலை வராத போலிக் கருவிக்கு மேலான பலன் எதையும் காட்டவில்லை. மெல்லிய ஒலியலை முறிந்த எலும்பை விரைவில் கூட்டும் என்ற நம்பிக்கையும், கணுக்காலுக்கு மேலுள்ள கால் எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட 501 பேரிடம் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில் நிலைபெறவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம், இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்டும் டென்ஸும் இழுவைச் சிகிச்சையும் அளிக்கவேண்டாம் என்று வழிகாட்டியது. சுளுக்குக்கு ஓய்வும் பனிக்கட்டியும் என்ற விதியை 1978-இல் பிரசித்தமாக்கிய டாக்டர் கேப் மிர்க்கின், அவை சுளுக்கு ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே திருத்திச் சொன்னார். தம் கொள்கையைத் தாமே மறுபரிசீலனை செய்த அந்த நெஞ்சுறுதி வைத்திய உலகம் முழுவதும் பின்பற்றத்தக்கது.

பின் இவ்வழக்கம் ஏன் இத்தனை உறுதியாக நிலைத்திருக்கிறது? பெரும்பாலான இடுப்பு வலியும் சுளுக்கும் சில வாரங்களில் இயல்பாகவே தணிகின்றன; அந்நாட்களில் அருகிலிருந்த கருவி புகழைப் பெற்றுக்கொள்கிறது. பரிவோடு ஒருவர் நம் வலித்த இடத்தைத் தொடுவதும் ஒரு மருந்தே. ஆனால், படுத்திருந்தபடியே குணமாகிவிடலாம் என்ற எண்ணத்தை யந்திரம் நோயாளியின் மனத்தில் விதைத்துவிடுமானால், அது தரும் இதத்தைவிட அது விளைக்கும் தீங்கே பெரிது; ஏனெனில் அசையாத மூட்டு இறுகும், உழைக்காத தசை மெலியும், அந்த மெலிவே மறுநாள் வலிக்கு வித்தாகும்.

இன்னொரு ஆபத்தை நம் நாட்டார் விசேஷமாக மனங்கொள்ள வேண்டும். 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளிடையே உழைத்த டாக்டர் பால் பிராண்ட், அவர்கள் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு மூலகாரணம் வலி உணராமையே என்று உலகுக்கு எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கும் இதே கதிதான்: சூடு மிகுந்ததென்று சொல்லவேண்டிய நரம்பு ஊமையாயிருக்க, வெந்நீர்ப் பையும் புண்ணாகும். புறங்கையில் சூடு பார்த்த பாட்டியின் எச்சரிக்கை, உணர்ச்சியைச் சோதித்தறியாமல் கருவியை வைக்கும் கைக்கு இல்லாமற்போனால், அது அறிவின் வளர்ச்சியாகாது.

ஆதலால் இச்சக்திகளை விலக்கவும் வேண்டாம், சிகிச்சையின் சிகரமாக்கவும் வேண்டாம். அல்ட்ராசவுண்டால் சூடேறிய தசை, இழுப்புக்கு இளகி நிற்பது ஏறக்குறைய மூன்று நான்கு நிமிடங்களே. இறுகிய தோளை உயர்த்தவும், மடங்காத முழங்காலை மடக்கவும் அந்தச் சொற்பப் பொழுதைப் பயன்படுத்துகிறவரிடம் வெப்பம் உத்தமமான துணை. அப்பொழுதை வீணே கழியவிடுகிறவரிடம் அது வெறும் சூடு. அமெரிக்க இயன்முறை சிகிச்சையாளர் சங்கமும், நோயாளி தாமே முயலும் பயிற்சிக்கு வழிசெய்யும் அளவிலன்றி இவற்றைப் பயன்படுத்தலாகாது என்று 2014-இல் அறிவுறுத்தியது. ஒரு சிகிச்சை நிலையத்தை மதிப்பிட விரும்புகிறவர் அங்குள்ள கருவிகளை எண்ணவேண்டியதில்லை. கருவியை நிறுத்திய அடுத்த கணத்தில், சிகிச்சையாளர் நோயாளியை எழுப்பி நடக்கவைக்கிறாரா என்று பார்த்தால் போதும்.