வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள்

சீனாவில் ஒரு சிற்றூரைப் பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஊரில் சந்தை எந்தக் கிழமை என்றுதான் முதலில் கேட்பேன். கோயில் எது, பாலம் எந்தக் காலத்தது என்பதெல்லாம் அப்புறம். யுனான் மாநிலத்தின் மேற்கே, மலைகளுக்கு நடுவே உள்ள ஷாஷியில் சந்தை வெள்ளிக்கிழமை கூடுகிறது. வியாழன் மாலைக்குள் அங்கே போய்ச் சேர்ந்து, சனிக்கிழமையும் தங்க முடிந்தால் ஊர் உங்களுக்குப் பிடிபடும். சனி, ஞாயிறு மட்டும் போய்வருபவர்கள் அழகான படங்களோடு திரும்புகிறார்கள். ஊரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

வழி எளிது. தாலி நகரிலிருந்து பேருந்தில் ஜியான்சுவான் என்ற மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். அங்கிருந்து சிறு வேன்கள் போகின்றன, ஆள் சேர்ந்த பிறகுதான் கிளம்பும். ஒரு கணவாயைத் தாண்டி வண்டி இறங்கும்போது சமவெளி முழுவதும் கண்ணில் விரியும்: வயல்கள், சாம்பல் நிற ஓட்டு வீடுகள், நடுவே ஹேய்ஹுய் ஆறு. இந்த ஆறு தெற்கே போய் மேக்கோங்கில் கலக்கிறது. ஊரின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர், அதனால் கோடையிலும் இரவில் குளிரும். இங்கே பெரும்பாலோர் பாய் இனத்தவர். வீட்டிலும் கடையிலும் பாய் மொழி பேசுகிறார்கள், வெளியாட்களிடம் சீனம்.

முதலில் எல்லோரும் போவது சிதெங் சதுக்கத்துக்கு. சிவப்பு மணற்கல் பாவிய திறந்தவெளி, இரண்டு முதிய மரங்கள், மேற்கே ஷிங்ஜியாவ் கோயில், அதற்கு நேர் எதிரே மூன்று அடுக்கு நாடக மேடை. படம் எடுத்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். நீங்கள் அவசரப்படாமல் கோயில் வாசற்படியில் உட்கார்ந்து கிழக்கே பாருங்கள். மேடை கோயிலைப் பார்த்தபடி நிற்கிறது, ஏனென்றால் நாடகம் முதலில் தெய்வத்துக்குத்தான். இடையில் இருக்கும் வெளிதான் சந்தை கூடிய இடம், மற்ற இரு பக்கங்களிலும் கடைகள். தெய்வமும் கூத்தும் வியாபாரமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மேடையின் உச்சி மாடத்தில் இருப்பவர் குய்ஷிங், அரசுத் தேர்வு எழுதுபவர்கள் வேண்டிக்கொள்ளும் தெய்வம். வியாபாரிகள் தங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன கனவு கண்டார்கள் என்பதை அந்த மாடம் சொல்லிவிடுகிறது.

அடுத்துக் கடைகளின் மரப்பலகைகளைக் கவனியுங்கள். முன்பக்கம் கடை, மாடியில் தங்கும் அறை, பின்கட்டில் குதிரை லாயம் என்பது பழைய அமைப்பு. இன்று காபி விற்கும் பல வீடுகளின் பின்முற்றம் கோவேறு கழுதைகள் இரவில் தீனி தின்ற இடம். அகலமான வாசலும், சுமையோடு விலங்கு திரும்பத் தக்க முற்றமும் தெரிந்தால் அது சத்திரமாக இருந்திருக்கும். ஓயாங் குடும்பத்தின் பழைய வீட்டைக் கட்டாயம் பாருங்கள். குடும்பமும் குதிரைக் கூட்டமும் ஒரே கூரைத் தொகுதிக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

இத்தனை விலங்குகள் இங்கே வந்ததற்குத் தேயிலை ஒரு காரணம். யுனானின் தெற்கில், பூஅர் வட்டாரத்தில் விளைந்த தேயிலை வட்டுகளாக அழுத்தப்பட்டு, கோவேறு கழுதை முதுகில் திபெத்துக்கு ஏறியது. அங்கிருந்து குதிரைகள் இறங்கின. இன்னொரு காரணம் உப்பு, அது பல பயணிகளின் கண்ணில் படுவதில்லை. ஷாஷியைச் சுற்றிய மலைகளில் உப்புக் கிணறுகள் இருந்தன. கடலிலிருந்து வெகுதூரத்தில், மலைநாட்டில் உப்பு கையில் இருந்தவருக்கு வழியும் சந்தையும் தானாக வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து சீனாவுக்கு வரும் பர்மா சாலையை ஜப்பான் 1942-இல் அடைத்தபோது இந்த மலைப்பாதைகளில் போக்குவரத்து மறுபடி பெருகியது. பின்னர் மோட்டார் சாலைகள் வந்து, வணிகப் பாதை ஷாஷியை விட்டு விலகியது. சதுக்கம் ஏறத்தாழ அப்படியே நின்றுபோனது.

2001-இல் உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்தில் இருக்கும் 101 இடங்களின் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இந்தச் சந்தைச் சதுக்கத்தைச் சேர்த்தது. அதன் பிறகு சூரிச்சின் சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜியான்சுவான் மாவட்ட அரசும் சேர்ந்து சீரமைப்பில் இறங்கின. ஜாக் ஃபைனர், ஹுவாங் யின்வூ ஆகிய கட்டடக் கலைஞர்கள் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் செய்ததைவிடச் செய்யாமல் விட்டதை ரசிக்க வேண்டும் என்பேன். சாய்ந்த மண்சுவரை இடித்துப் புதிதாக எழுப்பாமல் தாங்கு கொடுத்து நிறுத்தினார்கள். உளுத்த தூணில் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, புது மரத்தை ஒட்டுப்போட்டார்கள். மங்கிய வண்ணத்தின் மேல் பளபளப்பாகப் பூசிவிடவில்லை. தூணின் அடியில் குனிந்து பாருங்கள், பழைய மரமும் புது மரமும் கடிபோட்டுச் சேரும் இடம் தெரியும். ஜியான்சுவான் தச்சர்கள் யுனான் முழுவதும் பேர்பெற்றவர்கள், அவர்களின் மரச்செதுக்கு சீனாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கைத்திறன் உள்ளூரிலேயே இருந்ததால்தான் இப்படி நிதானமாகப் பழுதுபார்க்க முடிந்தது. வடக்கே லிஜியாங்கின் பழைய நகரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு வேறுபாடு உடனே உறைக்கும். அந்நகரம் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்று அதன் தெருக்களில் கடைகளைத் தவிர வேறு எதையும் பார்ப்பது கடினம்.

கோயிலுக்குள்ளும் போங்கள். 1415-இல், மிங் பேரரசர் யோங்லேயின் காலத்தில் கட்டியது. பாய் மக்களிடையே வேர்விட்ட அச்சாலி என்ற பௌத்தப் பிரிவின் கோயில் இது. இந்தியாவிலிருந்து வந்த தாந்திரிக பௌத்தம் இங்கே உள்ளூர் வடிவம் எடுத்தது, அதன் குருமார்கள் மணம் முடித்து இல்லறத்தில் வாழ்ந்தார்கள். சுவரோவியங்களில் மிச்சமிருப்பவை மங்கல். இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்றால்தான் முகங்கள் தெரியவரும்.

இனி வெள்ளிக்கிழமை. சந்தை இப்போது சதுக்கத்தில் கூடுவதில்லை. பழைய ஊருக்கு வெளியே, சிமெண்டுக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் நெடுஞ்சாலையோரம் கூடுகிறது. படத்துக்கு அழகில்லாத தெரு என்பதால் பல பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. சதுக்கத்தில் இருப்பது சந்தையின் கூடு, உயிர் இந்தச் சாலையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் காலையில் பார்த்த வெற்றிடத்தை மனத்தில் ஆட்களால் நிரப்ப முடியும்.

காலை நடுப்பொழுதுக்குப் போங்கள். மலையிலிருந்து இறங்குபவர்கள் வந்து சேர அந்த நேரமாகும், மதியம் தாண்டினால் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். முதலில் எதையும் வாங்காமல் ஒருமுறை முழுக்க நடந்துவிடுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் இடம் இருப்பது தெரியும்: காய்கறி நாற்று ஒரு பக்கம், விதை ஒரு பக்கம், புகையிலை, மூங்கில் கூடை, ஏர்க் கருவி, பன்றிக்குட்டி, கோழி எனத் தனித்தனியாக. பெண்கள் முதுகுக் கூடையோடு வருவார்கள். வரும்போது கூடையில் விற்பதற்குக் கொண்டுவந்தது இருக்கும், போகும்போது வீட்டுக்கு வேண்டியது. கூடைக்குள் என்ன போகிறது என்று கவனித்தாலே அந்த வாரம் வயலில் என்ன வேலை நடக்கப்போகிறது என்று ஊகிக்கலாம். பெரிய கறுப்புத் தலையணியும் நீண்ட பாவாடையும் அணிந்து வருபவர்கள் மலைமேல் வாழும் யி இனத்துப் பெண்கள். சமவெளியின் பாய்களும் மலையின் யிகளும் சந்திக்கும் நாள் இது, பல குடும்பங்களுக்கு உறவுச் செய்தி பரிமாறிக்கொள்ளும் நாளும்கூட. பேரம் முடிந்தும் நகராமல் நின்று பேசுபவர்களைப் பார்த்தால் அது புரியும்.

விலை ஜின் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஜின் என்பது 500 கிராம். கிலோ என்று நினைத்துக்கொண்டு கேட்டால் எல்லாம் கொள்ளை மலிவாகத் தோன்றும். கிழவிகள்கூடப் பணம் வாங்க வீசாட், அலிபே செயலிகளின் கியூஆர் குறிகளை அட்டையில் அச்சடித்துக் கூடைமேல் மாட்டியிருப்பார்கள். வெளிநாட்டு வங்கி அட்டையை இந்தச் செயலிகளில் இப்போது இணைத்துக்கொள்ளலாம், கிளம்புமுன் வீட்டிலேயே செய்துவிடுங்கள். சில்லறை நோட்டுகளும் கொஞ்சம் வேண்டும். ஆளைப் படம் எடுக்குமுன் கேமராவைக் காட்டிக் கண்ணால் கேளுங்கள். தலையாட்டி மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். இரண்டு ஜின் பேரிக்காய் வாங்கிய பிறகு அதே ஆள் தானாகச் சிரித்து நிற்பார் என்பது என் அனுபவம்.

பசிக்கும். அரிசியை வேகவைத்து இடித்துத் தட்டிய ஏர்குவாயைக் கரியில் வாட்டி, காரச் சாந்து தடவிச் சுருட்டிக் கொடுப்பார்கள். தாலி வட்டாரத்தின் தனிச்சரக்கு ருஷான்: பாலைப் புளிக்கவைத்துத் திரட்டி, மெல்லிய தாளாக இழுத்து மூங்கில் கழியில் உலர்த்துவது. நெருப்பில் காட்டினால் பொரிந்து உப்பும், அதன்மேல் ரோஜா இதழ் ஜாம் தடவுவார்கள். சைவர்கள் தயங்காமல் சாப்பிடலாம். மற்றதில் கவனம் வேண்டும். காய்கறி வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்வது உண்டு, நூடுல்ஸ் சாறு பெரும்பாலும் எலும்புச் சாறு. "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்கே போய், வேண்டிய காயைக் கையால் காட்டினால் சமைத்துத் தருவார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், அப்போது சந்தையில் காளான் ராஜ்யம். காட்டில் பறித்த வகை வகையான காளான்களை இலைமேல் பரப்பி வைத்திருப்பார்கள். அவற்றில் வெட்டினாலோ கை பட்டாலோ நீலமாக மாறுவது ஜியான்ஷோச்சிங். யுனான் மக்கள் அதற்கு உயிரை விடுவார்கள். அரைவேக்காட்டில் தின்றால் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும், உடம்புக்கும் கேடு. நன்றாக வதங்கி முடிந்தது என்று சமைப்பவர் சொல்லும்வரை அதில் கரண்டியை வைக்காதீர்கள். மழையில் வந்து காளான் சாப்பிடாமல் போவதும் சரியில்லை.

மாலையில் சந்தை கலைந்ததும் சந்துகளில் நடங்கள். பாய் வீட்டின் அமைப்பு மூன்று பக்கம் கட்டடம், நான்காம் பக்கம் வெள்ளைத் திரைச்சுவர். முதன்மைக் கட்டு கிழக்குப் பார்த்திருக்கும். மேற்கே இறங்கும் வெயில் எதிரே உள்ள வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி, முற்றத்துக்கு வெளிச்சம் தரும். நாலு மணிக்கு மேல் போனால் அதைக் கண்ணால் காணலாம். பல வீடுகளின் சுவரில் நான்கு பெரிய எழுத்துகள் இருக்கும், அவை குடும்பப் பெயரை மறைமுகமாகச் சொல்பவை. யாங் குடும்பத்தார் தூய்மை வழிவந்தவர்கள் என்ற பொருளில் எழுதுவார்கள். இருட்டில் யாருக்கும் தெரியாது என்று லஞ்சமாகப் பொன் நீட்டியவனிடம், வானுக்குத் தெரியும், பூமிக்குத் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியுமே என்று மறுத்த ஹான் காலத்து அதிகாரி யாங் ஜென்னை அது குறிக்கும். ஜாங் குடும்பத்தாருக்கு நூறு பொறுமை. ஒன்பது தலைமுறை ஒரே வீட்டில் எப்படி வாழ்கிறீர்கள் என்று டாங் பேரரசர் கேட்டபோது, பொறுமை என்ற எழுத்தை நூறு முறை எழுதிக் காட்டிய முதியவரின் கதை. விடுதிக்காரரிடம் கைபேசி மொழிபெயர்ப்பியை நீட்டிச் சுவரைக் காட்டினால், அவர் குடும்பக் கதையே கிடைக்கும்.

சனிக்கிழமைக்கு ஆற்றங்கரை, யூஜின் கற்பாலம், வயல்வழி நடை. பெய்லோங் கிராமத்தில் பழைய தானியக் கிடங்கொன்று 2020-இல் புத்தகக் கடையாகியிருக்கிறது, ஹுவாங் யின்வூவின் கைவண்ணம்தான். சீனம் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கூரைக்கு அடியில் சற்று உட்காரலாம். வண்டி அமர்த்தி ஷிபாவ்ஷான் மலைக்கும் போக வேண்டும். அங்குள்ள பாறைக் குகைகளில், நான்ஜாவ் அரசு இப்பகுதியை ஆண்ட 9-ஆம் நூற்றாண்டு தொடங்கிச் செதுக்கிய அரசர்களும் புத்தர்களும் இருக்கிறார்கள். 1961-இல் சீன அரசு வெளியிட்ட முதல் பாதுகாப்புப் பட்டியலிலேயே இவை இடம்பெற்றன. இந்தியத் துறவியாகக் கருதப்படும் உருவமும் உண்டு. அவலோகிதேசுவரர் அப்படியொரு துறவியின் வடிவில்தான் இந்நாட்டுக்கு வந்தார் என்பது நான்ஜாவின் பழங்கதை. ஒரு குகையில் புத்தர்களுக்கு நடுவே தாமரைப் பீடத்தில் பெண்குறி வடிவம் இருக்கிறது. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அதற்கு எண்ணெய் பூசி வணங்குகிறார்கள். கூச்சமோ சிரிப்போ இல்லாமல் நிற்பது நாம் காட்ட வேண்டிய மரியாதை.

2023-இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடர் தாலி வட்டாரத்தில் படமாக்கப்பட்டதால் கூட்டம் பெருகியது. சதுக்கத்தைச் சுற்றி விடுதிகளும் காபிக் கடைகளும் கூடிவிட்டன. அதைப் பற்றி வருந்துபவர்கள் உண்டு. ஆனால் வெளியூர்க்காரருக்குப் படுக்கையும் சாப்பாடும் விற்று வாழ்ந்த ஊர் இது. இன்றும் அதைச் செய்வதில் எனக்குக் குறை தெரியவில்லை. வாடகை ஏறி உள்ளூர்க்காரர்கள் வெளியேறுவதுதான் கவலைக்குரியது. அதனால் இயன்றவரை பாய் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்குங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் சீன நாட்காட்டியின் இரண்டாம் மாதம் எட்டாம் நாளைப் பாருங்கள், பெரும்பாலும் மார்ச்சில் வரும். சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறிய நாளைக் கொண்டாடும் இளவரசர் விழா அன்று. குழந்தைகளுக்கு உடையலங்காரம் செய்து குதிரையேற்றி, இளவரசர் சிலையோடு ஊர்வலம் விடுவார்கள். அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏழாம் மாத இறுதியில் ஷிபாவ்ஷானில் பாட்டு விழா: மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டி ஆணும் பெண்ணும் எசப்பாட்டுப் பாடுவார்கள். அதற்கு வருபவர்கள் அதை ஒட்டிய வெள்ளிக்கிழமையையும் சேர்த்துத் திட்டமிட்டால் சந்தையும் கிடைக்கும், காளானும் கிடைக்கும்.