தற்காலிகக் கண்காட்சியும் வரலாற்றுரிமையும்

கண்காட்சி என்பது பொருள்களை வரிசைப்படுத்தி வைக்கும் வெறும் ஏற்பாடன்று. எதனைக் காட்டுவது, எதனை விடுப்பது, காட்டப்படுவதற்கு என்ன பெயரிடுவது என்னும் தெரிவுகளினாலே அது ஒரு கருத்தினை நிறுவ முயல்கின்றது. நிரந்தரக் காட்சிக்கூடத்தில் இத்தெரிவுகள் காலப்போக்கிற் கண்ணுக்குப் பழகி மறைந்துவிடுகின்றன. சில மாதங்களே நிலைக்கும் தற்காலிகக் கண்காட்சியிலோ அவை வெளிப்படையாகவே நிற்கின்றன. இவ்வகையில், நியூயோர்க்கிலுள்ள மெற்றோபொலிற்றன் கலை நூதனசாலை 1969 ஜனவரி 18 முதல் ஏப்ரல் 6 வரை நடத்திய ‘என் மனத்தில் ஹார்லம்’ என்னும் கண்காட்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது.

மன்ஹற்றன் தீவின் வடபாகத்திலுள்ள ஹார்லம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, தென் மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து வெளியேறிய கறுப்பின மக்களின் தலைநகராக வளர்ந்தது. 1900 முதல் 1968 வரையான அதன் வாழ்வைக் காட்டுவதே கண்காட்சியின் நோக்கமாகும். அலன் ஷோனர் அமைப்பாளர். நூதனசாலைப் பணிப்பாளர் தோமஸ் ஹோவிங் அதற்குப் பெருந்துணை. சுவரளவிற்குப் பெருப்பிக்கப்பட்ட புகைப்படங்கள், பட வீச்சுகள், ஒலிப்பதிவுகள் என்பன அங்கு இடம்பெற்றன. ஆயின் ஹார்லத்தின் ஓவியருக்கும் சிற்பியருக்கும் அங்கு இடமிருக்கவில்லை. ஹார்லம் கலாசார மன்றம் 1968 இலேயே தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. கறுப்பினக் கலைஞர்கள் நூதனசாலை வாயிலில் மறியல் செய்தனர்.

இது கலைக் கண்காட்சியன்று, பண்பாட்டு வரலாற்றுக் கண்காட்சியே என்பது அமைப்பாளர் தரப்பின் வாதம். இவ்வாதமே சிக்கலின் மையமாகும். உலகின் பல இனத்தாரின் ஆக்கங்களைக் கலையெனப் போற்றும் ஒரு நூதனசாலை, தன் அயலில் வாழும் மக்களை மாத்திரம் வரலாற்றுச் சான்றாக உள்ளே அழைக்கும்போது, கலை வேறு வரலாறு வேறு என்னும் பாகுபாடு நடுநிலையானதாக இருத்தல் இயலாது. படைப்போர் ஒரு சாரார், பார்க்கப்படுவோர் மறுசாரார் என்னும் படிநிலையையே அது நிலைநிறுத்துகின்றது.

வேறு வழி இருக்கவில்லையா? நூதனசாலையிலிருந்து ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில், 135 ஆம் வீதியிலமைந்த பொது நூலகக் கிளை 1921 இலேயே கறுப்பினக் கலைஞரின் ஆக்கங்களைக் காட்சிக்கு வைத்தது. பின்னர் அது ஆண்டு நிகழ்வாகியது. 1926 இல் ஆர்துரோ ஷொம்பேர்க்கின் நூற்சேகரத்தை, கார்னெகி நிதியம் வழங்கிய 10,000 டொலரைக் கொண்டு அந்நூலகம் பெற்றது. 1934 இல் ஆரன் டக்ளஸ், ஆபிரிக்கா முதல் அமெரிக்க மாநகர் வரையான தம் மக்களின் பயணத்தை நான்கு பெரும் ஓவியங்களாக அந்நூலகத்திற்கெனவே தீட்டினார். இளைஞரான ஜேக்கப் லோறன்ஸ் அங்கு பயின்ற வரலாற்றறிவைக் கொண்டு, ஹெயிட்டி விடுதலைத் தலைவர் துசெய்ன் லூவெர்த்தூர் பற்றிய 41 ஓவியங்களை 1938 இல் நிறைவு செய்தார். நூலக அலுமாரியில் வரலாறாயிருந்தது ஓவியச் சட்டகத்திற் கலையாயிற்று. இடவசதியிலும் பொருள் வளத்திலும் அந்நூலகம் நூதனசாலைக்கு ஈடானதன்று என்பது உண்மையே. எனினும் அங்கு வந்தோர் பார்வையாளராகவும் வாசகராகவும் படைப்பாளராகவும் ஒருங்கே விளங்கினர்.

1969 ஆம் ஆண்டுக் கண்காட்சியை முற்றாகப் புறக்கணித்தலும் நேர்மையாகாது. ஹார்லத்திற் பல்லாண்டுகள் புகைப்பட நிலையம் நடத்திவந்த ஜேம்ஸ் வான் டெர் ஸீயை, அவரது எண்பத்திரண்டாம் வயதிலே நாடறியச் செய்தது அதுவே. திருமணத் தம்பதியர், சங்கத்தினர், நேர்த்தியாக உடுத்திய குடும்பத்தினர் ஆகியோரை அவர் ஒளியும் அமைதியும் அறிந்து படம்பிடித்தார். அப்படங்கள் சான்றாகத் தொங்கவிடப்பட்டன. ஆயினும் அவை கலையாகவே பேசின. அமைப்பாளர் வகுத்த எல்லையை அவர்கள் தெரிந்தெடுத்த படங்களே மீறின எனலாம். ஆனால் அதே ஆண்டில் அம்முதியவர் தம் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். படத்தை ஏற்ற நிறுவன உலகு, படைத்தவனின் வாழ்வைக் கணக்கிலெடுக்கவில்லை.

ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 2024 பெப்ரவரி முதல் ஜூலை வரை, அதே நூதனசாலை ஹார்லம் மறுமலர்ச்சி பற்றிப் பிறிதொரு தற்காலிகக் கண்காட்சியை நடத்தியது. ஓவியமும் சிற்பமும் புகைப்படமும் ஒருங்கே இடம்பெற்றன. கறுப்பினத்தாருக்கென நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் பேணிவந்த ஆக்கங்கள் பல அதற்கு இரவலாக வந்தன. பெருநிறுவனம் நாடாத காலத்திற் சிறு நிறுவனங்கள் காத்திராவிடின், பின்னாளிற் காட்டுவதற்கு எதுவும் எஞ்சியிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

தற்காலிகக் கண்காட்சி முடிவுற்றதும் சுவர்கள் வெறுமையாகின்றன. எனவே அதன் தகுதியை, திரண்ட கூட்டத்தைக் கொண்டு மாத்திரம் அளத்தல் போதாது. காட்டப்பட்ட மக்களுக்குத் தெரிவில் என்ன பங்கிருந்தது, கதவடைத்த பின் அவர்களிடத்து எது எஞ்சியது என்னும் இரு வினாக்களே உரைகல்லாதல் வேண்டும். அவ்வுரைகல்லில் 1969 இன் பெருங் கண்காட்சியை விட, 135 ஆம் வீதி நூலகத்தின் சிறு கண்காட்சிகளே மாற்றுக் குறையாதனவாய் விளங்குகின்றன.