இரண்டாம் படியில் திறக்கும் கை

பிரிட்ஜ் ஏலத்தின் முதல் கேள்வியையே இரண்டாம் படியில் கேட்க ஐந்து வழிகள் உண்டு: கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், நோ-டிரம்ப். இந்த ஐந்தையும் எந்தெந்தக் கைக்கு ஒதுக்குவது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஹெரால்ட் வாண்டர்பில்ட் 1925-இல் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிக் கணக்கை வகுத்தார். அந்த ஆட்டத்தை அமெரிக்கா முழுதும் பரப்பிய ஈலி கல்பர்ட்சனின் முறையில் நான்கு வகைகளிலும் இரண்டாம் படித் திறப்பு மிகப் பலமான கைக்கே உரியது. திறந்தவரின் ஜோடி வெறுங்கையோடு இருந்தாலும் பாஸ் சொல்லக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட கை எத்தனை முறை வருகிறது? ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால், 22 புள்ளியோ அதற்கு மேலோ உள்ள கை 200-க்கு ஒன்றுகூட வராது. அந்த அபூர்வ விருந்தாளிக்காக நான்கு கேள்விகளைப் பூட்டி வைப்பது வீண். மறுபுறம், ஒரு வகையில் ஆறு சீட்டு விழுந்து மீதி 3-2-2, 3-3-1, 4-2-1 என்று பிரியும் கைகள் மட்டுமே நூற்றுக்குப் பதினான்கு அளவில் வருகின்றன. அவற்றில் பல, ஒன்றாம் படியில் திறக்கப் போதிய பலம் இல்லாதவை. ஹோவர்ட் ஷென்கன் முன்னிறுத்திய ‘பலவீன இரண்டு’ இங்கேதான் தன் நியாயத்தைப் பெறுகிறது. பலமான கைகள் எல்லாம் 2 கிளாவர் என்ற ஒரே செயற்கைக் கேள்விக்குள் போய்விட, மற்ற மூன்றும் ஆறு சீட்டும் சுமார் 6 முதல் 10 புள்ளியும் உள்ள கைகளுக்குக் கிடைக்கின்றன.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். இஸ்பேடில் ராஜா, ராணி, 10, 9, 7, 4. ஆட்டினில் 8, 3. டைமனில் ஜாக்கி, 6, 2. கிளாவரில் 7, 4. மொத்தம் 6 புள்ளி. இஸ்பேட் துருப்பானால் இந்தக் கை நான்கோ ஐந்தோ பிடி எடுக்கும். எதிராளி வேறு துருப்பில் ஆடினால் ஒரு பிடிக்கு மேல் தேறுவது அரிது. இதில் 2 இஸ்பேட் என்று திறந்தால் 1 கிளாவரிலிருந்து 2 ஆட்டின் வரை எட்டுக் கேள்விகள் எதிராளியின் கையை விட்டுப் போகின்றன. ஒன்றாம் படியில் நிதானமாகப் பேசிக்கொள்ள வேண்டியவர்கள் மூன்றாம் படியில் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதே கேள்வி ஜோடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: எந்த வகை, எத்தனை சீட்டு, எவ்வளவு பலம், எதிராளி ஆடினால் எதை முதலில் இறக்குவது. தடுப்பதும் சொல்வதும் ஒரே மூச்சில் நடப்பதுதான் இந்தத் திறப்பின் உண்மையான பலம்.

புள்ளிக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. எதிராளி ‘வல்னரபிள்’ நிலையில், அதாவது கேமுக்குப் பரிசும் தோல்விக்குத் தண்டமும் கூடும் நிலையில், 4 ஆட்டின் ஆடி வென்றால் 620 பெறுவார். நாம் அந்த நிலையில் இல்லாமல் 4 இஸ்பேடுக்குப் போய், டபுள் வாங்கி, மூன்று பிடி குறைந்தாலும் இழப்பு 500தான். ஆனால் நாமும் வல்னரபிள் என்றால் அதே மூன்று பிடிக்கு 800 போகும். ஆகவே சீட்டை மட்டும் பார்த்துத் திறப்பவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்.

குறைகளும் சிறியவை அல்ல. எதிராளியின் வழியை அடைக்கும் கேள்வி ஜோடியின் வழியையும் அடைக்கிறது. எதிரே 16 புள்ளியும் ஒரே ஓர் இஸ்பேடும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஹெரால்ட் ஆகஸ்டின் பெயரால் வழங்கும் முறையில், அவர் 2 நோ-டிரம்ப் கேட்டுத் திறந்தவரின் பலத்தையும் வகையின் தரத்தையும் விசாரிக்கலாம். விடை வருவதற்குள் ஏலம் மூன்றாம் படியில் நிற்கும். கடைசியில் எதிராளியே ஆட்டத்தை எடுத்தால், நம் கையில் ஆறு இஸ்பேட் இருப்பது அவருக்குத் தெரியும். மற்ற வகைகளில் எஞ்சிய ராணிகள் யாரிடம் என்று எண்ணிக் கண்டுபிடிப்பது அவருக்கு எளிதாகிறது. பலமான கைகள் எல்லாம் 2 கிளாவருக்குள் நெருக்கப்படுவதற்கும் விலை உண்டு. நீண்ட டைமன் உள்ள பெரிய கை, 2 டைமன் என்ற வழக்கமான காத்திருப்புப் பதிலுக்குப் பிறகு, தன் வகையை 3 டைமனில்தான் முதன்முதலாகச் சொல்ல முடியும். இதைக் குறையென்று ஒப்புக்கொண்டே ஆடுகிறோம். அந்தக் கை அரிதாக வருவதால் அந்த விலை தாங்கக்கூடியது.

இன்றைய போக்கில் என்னை உறுத்துவது வேறு. ஐந்தே சீட்டு, அதிலும் ஜாக்கியைத் தலையாகக் கொண்ட வகை, அதை எந்த இடத்திலிருந்தும் திறக்கும் துணிச்சல். மூன்றாவதாகப் பேசுபவர் அப்படிச் செய்தால் ஏற்கலாம்: ஜோடி முன்பே பாஸ் சொல்லிவிட்டார், நான்காமவரிடம் பலம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவதாகப் பேசுபவருக்கு அந்த உரிமை இல்லை. எதிராளிகளில் ஒருவர் ஒதுங்கிவிட்ட நிலையில், மீதிப் பலம் ஜோடியிடம் இருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. அங்கே குப்பைக் கையோடு திறப்பது சொந்த ஜோடியைத் தடுப்பதாகவே முடியும். நம்ப முடியாத கேள்வியை ஜோடி உயர்த்த மாட்டார். உயர்த்தாவிட்டால் தடுப்பின் பலன் பாதியாகிறது.

‘மல்ட்டி’ 2 டைமனைத் தனியாக எடை போட வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் டெரன்ஸ் ரீஸும் ஜெரமி ஃப்ளின்டும் கொண்டுவந்தது இது. ஆட்டினிலோ இஸ்பேடிலோ பலவீன இரண்டு, அல்லது சில பலமான கைகள் என்று பல பொருள் ஒரே கேள்விக்குள். இதனால் 2 ஆட்டினும் 2 இஸ்பேடும் விடுதலையாகின்றன. நெதர்லாந்தில் பிறந்த மௌடர்பெர்க் முறை அந்த இடத்தில் ஐந்து சீட்டு மேல்வகையோடு (ஆட்டின் அல்லது இஸ்பேட்) நான்கு சீட்டுக் கீழ்வகையும் (கிளாவர் அல்லது டைமன்) உள்ள பலவீனக் கைகளை வைக்கிறது. சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் எது நம் வகை என்று எதிராளிக்குத் தெரியாத அதே நேரத்தில் ஜோடிக்கும் தெரியாது. எதிராளி உடனே 3 கிளாவர் கேட்டுவிட்டால், நான்கு இஸ்பேடும் இரண்டு ஆட்டினும் வைத்திருக்கும் ஜோடி 4 இஸ்பேடுக்குப் பாயத் துணிய மாட்டார். நேராக 2 இஸ்பேட் திறந்திருந்தால் யோசிக்காமல் பாய்ந்திருப்பார். எதிராளிக்கு இன்னொரு சௌகரியமும் கிடைக்கிறது: இந்த ஏலம் 2 டைமனில் அநேகமாக நிற்காது என்பதால், அவர் ஒரு சுற்று பாஸ் சொல்லி, வகை வெளிப்பட்ட பிறகு பேசலாம். தடுப்புக் கேள்வி எதிராளிக்கு இரண்டாம் வாய்ப்பு தரக் கூடாது, மல்ட்டி தருகிறது. பழக்கமில்லாத ஜோடியை அது திணறடிப்பது உண்மைதான். எதிர்ப்புமுறையை எழுதி ஆயத்தமாக வரும் ஜோடியிடம் அந்த லாபம் மெலிந்துவிடும்.

நான்கு இஸ்பேடும் ஐந்து ஆட்டினும் உள்ள 11-15 புள்ளிக் கைக்கு 2 டைமனை ஒதுக்கும் ஃபிளானரி முறை, ஒரு குறிப்பிட்ட சங்கடத்தை அழகாகத் தீர்க்கிறது. ஆனால் எதிராளியின் இடத்தைப் பெரிதாகப் பறிப்பதில்லை. டைமனில் பலவீன இரண்டும் அப்படித்தான்: எதிராளிக்கு இரு மேல்வகைகளையும் இரண்டாம் படியிலேயே விட்டுவைக்கிறது. அந்த ஒரு கேள்வியை வேறு எதற்கேனும் மாற்றிக்கொள்பவரிடம் எனக்கு வாதமில்லை.

கிளப்பில் ஆடும் பெரும்பாலான ஜோடிகளுக்கு 2 கிளாவர் பலத்துக்கு, 2 ஆட்டினும் 2 இஸ்பேடும் ஒழுங்கான ஆறு சீட்டுப் பலவீனக் கைக்கு, 2 நோ-டிரம்ப் 20-21 புள்ளிச் சமநிலைக் கைக்கு என்ற ஏற்பாடே இன்றும் சிறந்தது. எதிராளி குறுக்கிட்டபின் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பொருள் எழுதி வைத்திருக்கும் ஜோடி மட்டும் மல்ட்டியை எடுக்கட்டும். அடுத்த முறை ஆட உட்காரும் முன் உங்கள் ஜோடியிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இரண்டாவது இடத்தில், வல்னரபிள் நிலையில், 2 இஸ்பேடுக்கு நீங்கள் இருவரும் ஏற்கும் மிகக் குறைந்த கை எது?